சபரில் கண்ட ஊர் முகம்

சபர் போனவர்களின் வழித்தோன்றல்கள் நாம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் சபர்க் கதை வழங்காத வீடு அரிது. கொழும்பிலோ பினாங்கிலோ கடைத்தெருவில் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டுவிட்டால், இழந்த பொருள் மீண்டவர்போல் நம் பெரியவர்கள் மகிழ்ந்ததைக் கேட்டே வளர்ந்தோம். அந்த மகிழ்ச்சி எத்தகையது? அதனோடு சேர்ந்து வரும் கடமை யாது? அதற்கு எல்லையும் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகம் சுற்றிய இப்னு பதூதாவின் பயண நூலை ஈண்டு துணை கொள்வோம்.

மொராக்கோவின் தன்ஜா நகரில் 1304 இல் பிறந்த அவர், 1325 ஜூன் திங்களில் ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியராய்ப் புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். வழியில் கடுங்காய்ச்சல் கண்டது. விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணம் தொடர்ந்தார். பயணக்கூட்டம் தூனிஸ் நகரை அடைந்தபோது ஊர் மக்கள் எதிர்கொண்டு வந்து, தமக்குத் தெரிந்தவர்களுக்கு ஸலாம் கூறி நலம் விசாரித்தனர். இவரை அறிந்தவர் அங்கு எவருமிலர். ஒருவரும் தமக்கு ஸலாம் சொல்லாததைக் கண்ட அந்த இளைஞர், அடக்க மாட்டாமல் அழுதுவிட்டார். அதனைக் கவனித்த ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, அன்போடு பேசி, நகருக்குள் நுழைந்து தங்குமிடம் சேரும்வரை துணையாக வந்தார். புத்தக வணிகர் மதரஸாவில் அவருக்கு இடம் கிடைத்தது. முன்பின் அறியாத அந்த ஹாஜியின் செயலை முப்பது ஆண்டுகள் கழித்தும் மறவாமல் தம் நூலில் பதிவு செய்தார் என்றால், அந்த ஸலாமின் மதிப்பை நாம் உணரலாம்.

ஊர் முகத்திற்காக ஏங்கிய அவருக்கு, உலகின் மறுகோடியில் அது கிட்டியது. சீனத்தில் கன்ஜன்ஃபூ என்று அவர் குறிப்பிடும் நகரில் தங்கியிருந்தபோது, மதிப்புமிக்க மார்க்க அறிஞர் ஒருவர் அவரைக் காண வந்தார். இப்னு பதூதா அவரையே உற்று நோக்கினார். என்னை அறிந்தவர்போல் பார்க்கிறீரே என்று வந்தவர் வினவ, ஊர் எதுவென்று இவர் கேட்டார். ஸப்தா என்று விடை வந்தது. தன்ஜாவும் ஸப்தாவும் ஜிப்ரால்டர் நீரிணையின் தென்கரையில் அமைந்த அண்டை நகரங்கள். இருவரும் கண்ணீர் விட்டனர். மேலும் விசாரித்ததில், வந்தவர் அல்புஷ்ரீ என்பது தெரிந்தது. தாடி முளைக்காத வயதில் தாய்மாமனோடு தில்லிக்கு வந்திருந்த மாணவர் அவர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வை மனனம் செய்தவர். அந்நாளில் இப்னு பதூதா அவரைப் பற்றிச் சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கிடம் எடுத்துரைத்தார். சுல்தான் மூவாயிரம் தீனார் வழங்கித் தங்கிவிடுமாறு கேட்டும், சீனம் செல்வதே நோக்கமென்று அவர் போய்விட்டார். இப்போது அவர் பெருஞ்செல்வர். அக்கால வழக்கப்படி அடிமைகளையும் வேறு பல பரிசுகளையும் ஊர்க்காரருக்கு அளித்தார்.

சீனத்தில் இப்னு பதூதா எவ்வளவு தூரம் சென்றார் என்பதில் ஆய்வாளரிடையே ஐயம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆயினும் 1352 ஐ ஒட்டிய காலத்தில், சஹாராப் பாலைவனத்தைக் கடக்குமுன் ஸிஜில்மாஸா நகரில் அல்புஷ்ரீயின் உடன்பிறந்தார் வீட்டில் தாம் தங்கியதையும் அவர் எழுதுகிறார். அண்ணன் தம்பியர் இருவரும் எவ்வளவு தொலைவில் வாழ்கின்றனர் என்று வியக்கிறார். சீனச் செய்தியை ஸஹாரா விளிம்பிலுள்ள குடும்பத்திற்குக் கொண்டு சேர்ப்பதற்கு அன்று மனிதனைத் தவிர வேறு அஞ்சல் ஏது?

அந்த அஞ்சல் எப்போதும் இன்பச் செய்தியையே சுமந்து வருவதில்லை. 1348 இல் அவர் திமிஷ்கிற்குத் திரும்பினார். முன்னர் அங்கு விட்டுச் சென்ற மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தியை இந்தியாவில் இருந்தபோதே அறிந்து, குழந்தையின் பாட்டனாருக்கு நாற்பது பொற்காசுகள் அனுப்பியிருந்தார். அம்மகன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்று இப்போது கேள்வியுற்றார். தன்ஜாக்காரர் ஒருவர் ளாஹிரிய்யா மதரஸாவில் இருப்பதாகச் சொல்லக் கேட்டு ஓடினார். தந்தை மறைந்து பதினைந்து ஆண்டுகள் கடந்தன, தாய் மட்டும் இருக்கிறார் என்று அந்த முதியவர் கூறினார். தாயைக் காணும் பேறும் வாய்க்கவில்லை. 1349 இல் தாயகம் நெருங்கியபோது, கொள்ளைநோயில் அன்னை மறைந்ததைத் தாஸா நகரில் அறிந்தார். ஊர் முகம் என்பது அக்காலத்தில் ஓர் அமானிதம். செய்தியைச் சுமப்பதும், அதை உரியவரிடம் உண்மையாக ஒப்படைப்பதும் அதன் கடமை.

தனித்து வருவோரின் ஏக்கத்தைத் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாதென்று பிற்காலத்தார் ஏற்பாடுகள் செய்தனர். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் மக்ரிப், ஷாம், துருக்கி, ஜாவா என நாட்டு வாரியாக 'ரிவாக்' எனும் மாணவர் பகுதிகள் இருந்தன. புதிதாக வரும் மாணவன் தன் மொழி பேசுவோரிடையே தங்கவும் உணவு பெறவும் வழி ஏற்பட்டது. நம்மவரும் பின்தங்கவில்லை. பினாங்கில் 1801 இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளியும், சிங்கப்பூரில் 1826 இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளியும், கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் தொழுகைக்கும் சந்திப்புக்கும் எழுப்பிய நிழல்களே.

இத்தனை இனிமையுள்ள ஊர்ப்பற்றுக்கு எல்லையும் உண்டு. அந்த எல்லையை இப்னு பதூதா நம் தமிழ் மண்ணிலேயே காட்டிச் சென்றார். இலங்கையிலிருந்து வந்து நம் கடற்கரையில் கப்பல் விபத்துக்கு உள்ளாகித் தவித்தபோது, அவருக்கு உதவியவர் மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி. சுல்தான் அந்நியர் அல்லர். இருவரும் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மருமக்கள். அந்நிய மண்ணில் சகலரின் முகத்தைக் காண்பதைவிட ஆறுதல் வேறென்ன? ஆயினும் அச்சுல்தான் எளிய மக்களைச் சிறைபிடித்துக் கழுவேற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் அவர் ஒளிக்கவில்லை. உணவு வேளையில் ஒரு குடும்பத்தையே வெட்டச் சுல்தான் ஆணையிட, தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக எழுதினார். வேறெந்த மன்னரிடமும் காணாத இழிசெயல் என்று கண்டித்தார். உறவும் உபகாரமும் அவர் பேனாவைக் கட்டவில்லை.

இன்று தொலைபேசி வீட்டாரின் குரலை நொடியில் கொண்டு வருகிறது. செய்தி சுமக்கும் பணியிலிருந்து ஊர்க்காரர் விடுபட்டுவிட்டார். ஆனால் முதல் நாள் மாலையில், அயலூர் விடுதி வாசலில் பெட்டியோடு நிற்கும் மாணவனின் தனிமை 1325 இல் இருந்தது போலவே இருக்கிறது. பிள்ளைகளைப் படிக்க அனுப்பும்போது, அங்கே நம்மூரார் யார் இருக்கிறார் என்று விசாரித்தே அனுப்புகிறோம். அது நல்ல வழக்கம். அதோடு இரண்டைச் சொல்லி அனுப்புவோம். ஊர் பேர் தெரியாதவனாயினும், ஸலாம் கிட்டாமல் நிற்பவனிடம் நீ முதலில் செல். நம்மூரார் ஆயினும், தவறு செய்பவருக்காகப் பொய் பேசாதே. இவ்விரண்டும் கைவரப்பெற்ற பிள்ளை எந்நாட்டில் இருந்தாலும் நம் ஊரின் முகமாகவே இருப்பான் என்பது திண்ணம்.