நந்தன் வேஷமும் ரோசியின் முகமும்

நம்ம கதை சினிமாவாக வந்திருக்கிறது. அதில் நாம் வந்திருக்கிறோமா? செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்தில் இளைஞர்களோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் முன்வைக்கிறேன். பழைய படங்களைத் தேடிப் போனதில் எனக்குக் கிடைத்தவற்றை இங்கே சொல்கிறேன்.

1935இல் 'நந்தனார்' பேசும் படம் வந்தது. நந்தனாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். சம்பளம் 1 லட்சம் ரூபாய். வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942இல் ஜெமினி மறுபடி எடுத்தது. தண்டபாணி தேசிகர் நந்தனார் ஆனார்.

எம்.ஏ.வில் பெரியபுராணம் படித்தவன் என்பதால் ஒன்று உறுத்தியது. சேக்கிழாரும் நந்தனைத் தீயில் இறக்கித்தான் தில்லைக்குள் விட்டார். ஆனாலும் அவருடைய நந்தன் தொழில் தெரிந்தவன். பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவன். அவனை அடக்கி வைக்கிற வேதியர் அங்கே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனையில்தான் அந்த ஆண்டை வருகிறார். சினிமா பிடித்துக்கொண்டது ஆண்டை இருக்கிற கதையை. தோல் பதம் தெரிந்த கை மறைந்துபோய், கைகட்டி உத்தரவு கேட்கிற பண்ணையாள் மிஞ்சினான்.

எங்க பக்கமும் இதே கதைதான். செஞ்சிக் கோட்டைக் குன்றுகளில் ஒன்றுக்குச் சக்கிலிதுர்க்கம் என்று பேர். தேசிங்கு ராஜனுக்குப் படம் உண்டு, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்தது. அவன் குதிரைக்குச் சேணம் தைத்தவனுக்குப் படம் கிடையாது.

இனி ரோசிக்கு வருவோம். சுந்தராம்பாள் படத்துக்கு 5 வருஷம் முன்னால், 1930இல், திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் 'விகதகுமாரன்' திரையிடப்பட்டது. மலையாளத்தின் முதல் படம், மௌனப் படம். அதன் நாயகி பி. கே. ரோசி புலையர் சமூகத்துப் பெண், கூத்தாடி வளர்ந்தவர். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேஷம். நாயகன் அவர் கூந்தல் பூவை எடுத்து முத்தமிடுகிற காட்சி வந்ததும் திரைமேல் கல் விழுந்தது. ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுக்கு வந்து, பேர் வெளியே தெரியாமலே வாழ்ந்து முடித்தார். அந்தப் படச்சுருள் இன்றைக்கு இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்க. சேரிக்காரன் வேஷத்தை யார் வேணும்னாலும் கட்டலாம், லட்சம் கிடைக்கும். சேரிக்காரி மேல்சாதி வேஷம் கட்டினால் கல் கிடைக்கும்.

ஓவியத்திலும் இந்தக் கேள்வியோடு போனபோதுதான் நாக்பூர்க்காரர் சவி சாவர்க்கரைக் கண்டடைந்தேன். பேஷ்வா ஆட்சியில் கழுத்தில் எச்சில் சட்டியோடு நடமாட வைக்கப்பட்ட நம் மூதாதையரை, அந்த வலியைச் சொந்த வரலாறாகக் கொண்ட தலித் ஓவியரே தீட்டினார். அங்கே வேஷம் இல்லை. ரோசி பேரிலும் 2022இல் சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் படவிழா தொடங்கியது.

தோழர்களே, இனிப் படம் பார்க்கும்போது திரையில் யார் கதை ஓடுகிறது என்பதோடு நிற்காதீர்கள். வேஷம் யாருக்குப் போனது, கல் யார்மேல் விழுந்தது என்று சேர்த்துக் கேளுங்கள்.