தேர்வு வழி வந்த இலக்கியம்

பள்ளிக் கல்வியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் ஆங்கிலக் கவிதையையும் கதையையும் நாடகத்தையும் பாடமாகப் பயிலும் மாணவர் நம் நாட்டின் எல்லா மாநிலங்களிலும் உள்ளனர். அவர்களுள் மிகப் பலர் அம்மொழியை வீட்டிற் பேசாதவர். வேற்று மொழி ஒன்றின் இலக்கியம் இவர்கள் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை இங்குச் சிறிது ஆராய்வோம். வந்த வழியை அறிந்தால், அதனைப் பயிலவேண்டிய முறையும் ஓரளவு விளங்கும்.

1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம், கல்வியின் பொருட்டு ஆண்டுதோறும் ஒரு இலட்சம் ரூபாயேனும் செலவிட வேண்டுமென்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடமை விதித்தது. எக்கல்விக்குச் செலவிடுவது என்பதில் வழக்கு எழுந்தது. வடமொழி, அரபு, பாரசீகம் ஆகியவற்றின் கல்வியை வளர்க்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். ஆங்கிலமே வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். 1835 பிப்ரவரியில் மெக்காலே தம் குறிப்பை எழுதினார்; மார்ச்சு மாதம் பெண்டிங்க் பிரபு ஆங்கிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தார். எனினும், மெக்காலேயால்தான் ஆங்கிலம் நம் பள்ளிகளுள் நுழைந்தது என்று கருதுவது பொருந்தாது. கல்கத்தாவின் செல்வர்கள் தம் பொருளைத் திரட்டி இந்துக் கல்லூரியை நிறுவியது 1817-இல். அங்கே இளைஞர்கள் ஷேக்ஸ்பியரைப் படிக்கத் தொடங்கியபோது மெக்காலே இந்நாட்டில் கால் வைத்ததுமில்லை.

ஆர்வத்தால் படித்த நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1844-இல் ஹார்டிஞ்ச் பிரபு, ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கே அரசாங்க உத்தியோகங்களில் முதலிடம் என்று ஆணையிட்டார். 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையைத் தொடர்ந்து, 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக் கழகங்கள் தோன்றின. பள்ளியின் முடிவில் மெட்ரிகுலேஷன் தேர்வு நின்றது. அதனைத் தாண்டியவர் இரண்டு ஆண்டு படித்து எஃப்.ஏ. தேர்வு எழுதினர். இரண்டிலும் ஆங்கிலம் கட்டாயம். இங்கிலாந்திலேயோ, ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப் படிப்பாக அமைந்தது 1894-இல், கேம்பிரிட்ஜில் 1917-இல். இலண்டனில் அது முன்னரே கற்பிக்கப்பட்டது உண்மையாயினும், பழம்பெரும் பல்கலைக் கழகங்கள் இரண்டும் அதற்கு இடம் அளிக்கத் தயங்கிய காலத்தில், நம் நாட்டு மாணவர் அதனில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தனர் என்பது கருதத்தக்கது.

தேர்வின் வழியே வந்த இலக்கியத்திற்குத் தேர்வின் குணங்களும் வந்து சேர்ந்தன. கவிதை பின்னுக்குச் சென்றது. கவிதைக்கு எழுதிய குறிப்புரை முன்னுக்கு வந்தது. வினா எழக்கூடிய இடங்களை அடையாளமிட்டு விடைகளை நெட்டுருச் செய்தவர் தேறினர். அவ்வாறு செய்ய இயலாதவர் நிலை யாது? கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904-இல் ஓர் இளைஞர் எஃப்.ஏ. வகுப்பிற் சேர்ந்தார். அவருடைய உள்ளம் முழுதும் கணிதத்திலேயே தோய்ந்திருந்தது. ஆங்கிலத்தில் அவர் தேறவில்லை. அதனால் பெற்றுவந்த உதவித் தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையில் முயன்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெற்றாரில்லை. அவரே 1918-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சீனிவாச இராமானுஜன். அவர் பெயரை உலகம் அறிந்தது. அதே வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஏனையோர் பெயரை அறிவார் யார்?

இவ்வளவிலேயே வரலாற்றை முடித்துவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். இந்துக் கல்லூரியில் ரிச்சர்ட்சன் என்னும் ஆசிரியரிடம் ஆங்கிலக் கவிதை பயின்ற மதுசூதன தத்தர், தாமும் ஓர் ஆங்கிலக் கவிஞராகவே விளங்க விரும்பினார். 1848-இல் சென்னைக்கு வந்து ஆசிரியப் பணி புரிந்த அவர், மறு ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு காவியத்தை இந்நகரிலேயே வெளியிட்டார். அதனைக் கண்ட பெத்யூன் என்னும் ஆங்கிலேயர், தாய்மொழியில் எழுதுவதே தக்கது என்று அறிவுரை கூறினார். பிற்காலத்தில் தத்தர் வங்காளத்திற்குத் திரும்பி, மில்டனிடம் கற்ற எதுகையற்ற நடையை வங்கமொழிக்கு உரியதாக்கி, இராமாயணக் கதையிலிருந்து 1861-இல் ‘மேகநாதவத காவியம்’ இயற்றினார். தமிழில் பாரதியார் இளமையில் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் பூண்டதை யாவரும் அறிவர். தாம் பெற்ற ஆங்கிலப் பள்ளிக் கல்வியைக் கடுமையாகச் சாடியவரும் அவரே. பள்ளியை வெறுத்தவர், ஷெல்லியை வெறுக்கவில்லை. தேர்வு வேறு, இலக்கியம் வேறு என்பதை இவ்விருவர் வாழ்வும் தெளிவாக்குகின்றன.

இனி நம் காலத்திற்கு வருவோம். விடுதலைக்குப் பின், ஆங்கிலோ-இந்தியப் பள்ளிகள் முதலியவை எழுதிவந்த கேம்பிரிட்ஜ் தேர்வுகளை இந்நாட்டிலேயே நடத்தும் பொருட்டு 1958-இல் ஒரு தனிக் குழு அமைந்தது. அதன் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கில மொழிக்கு ஒரு தாள், இலக்கியத்திற்கு ஒரு தாள். ஷேக்ஸ்பியர் நாடகம் அங்கே நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கல்விக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, பத்து ஆண்டுப் பள்ளி, இரண்டு ஆண்டு மேனிலைக் கல்வி, மூன்று ஆண்டுப் பட்டப் படிப்பு என்னும் அமைப்பு நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் இவ்விரண்டு ஆண்டும் 1978-இல் பள்ளியோடு இணைந்தன. அன்று இராமானுஜன் தவறிய அதே இரண்டு ஆண்டுப் படிப்புத்தான், இடம் மாறி, இன்று பள்ளியின் இறுதி ஆண்டுகளாக விளங்குகிறது.

நூல்களும் மாறின. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு இந்நூற்றாண்டில் பன்னிரண்டாம் வகுப்பிற்குத் தொகுத்த ‘ஃபிளமிங்கோ’ என்னும் ஆங்கிலப் பாட நூலில், கமலா தாஸ் எழுதிய கவிதை உண்டு. ஸ்பானிய மொழியில் நெருதா எழுதியதன் மொழிபெயர்ப்பு உண்டு. நூலின் முதற்பாடமோ, அல்போன்ஸ் தோதே என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் சிறுகதை. பிரான்சு 1871-இல் ஜெர்மனியிடம் இழந்த பகுதியில் ஒரு சிற்றூர்ப் பள்ளி. இனிப் பிரெஞ்சு கற்பிக்கலாகாது என்று ஆணை வருகிறது. தாய்மொழியில் நடக்கும் கடைசிப் பாடத்தை ஒரு சிறுவன் கேட்கிறான். தாய்மொழியை இழப்பதன் துயரைச் சொல்லும் கதை, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நம் பிள்ளைகள் கையில் பாடமாகி நிற்கிறது! மெக்காலேயின் குறிப்பு இத்தகைய பயணத்தை எண்ணியிருக்க இயலாது.

இக்கதைக்கும் இன்று நோட்ஸ் விற்கிறது. அக்கதை எழுப்பும் துயரை ஐந்து மதிப்பெண் விடையாகச் சுருக்கி மனப்பாடம் செய்யும் மாணவன் தேர்வில் வெல்வான். கதையைப் படித்தவன் ஆகமாட்டான். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அவனுக்குச் சொல்லக்கூடியது ஒன்றே. குறிப்புரையைத் திறப்பதற்கு முன் மூலத்தை வாய்விட்டு ஒருமுறை படிக்க. பின்னர் அதில் தன்னைத் தொட்ட பத்து வரியைத் தன் மொழியில், அது தமிழோ ஒரியாவோ மராத்தியோ, சொல்லிப் பார்க்க. ஒரு சொல்லுக்கு ஈடு கிடையாமல் திகைக்கும் இடத்தில் அவன் இரு மொழிகளையும் ஒருங்கே கற்கத் தொடங்குகிறான். மதுசூதனர் காவியம் பிறந்ததும் இவ்வாறு இரு மொழிகள் கலந்து பேசிய இடத்திலேதான். இதற்குத் தேர்வில் மதிப்பெண் இல்லை. எனினும், தேர்வுக்காக வந்த இலக்கியம் நமக்கு உரியதாவது இவ்வழியாலேயே ஆகும்.