விற்க வந்த வீடும் அதன் அடுக்களையும்

போன மாதம் மகனுக்காக ஒரு பிளாட் பார்க்கப் போனோம். பில்டரின் ஆள் ஹாலில் நின்றுகொண்டு டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் என்று அளந்துகொண்டிருந்தார். என் மனைவி நேரே அடுக்களைக்குள் போய்விட்டாள். இரண்டே நிமிடத்தில் வெளியே வந்து, “மிக்சி வைத்தால் கிரைண்டருக்கு இடமில்லை. தாளித்தால் புகை போக ஒரு ஜன்னல் இல்லை” என்றாள். ஹாலை அகலமாகக் காட்ட அடுக்களையைக் குறுக்கியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு லெவிட் குடும்பத்தார் நினைவு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் குடியிருக்க வீடில்லை. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களை வாங்கி 1947-ல் இவர்கள் வீடு கட்டத் தொடங்கினார்கள். தந்தை ஆபிரகாம். வீட்டை வடிவமைத்தவர் இளைய மகன் ஆல்பிரட். வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டவர் மூத்தவர் வில்லியம். 1951-க்குள் 17,447 வீடுகள் எழும்பின. லெவிட்டவுன் என்று பெயர்.

முதல் மாதிரி வெறும் 750 சதுர அடி. அத்தனை சிறிய வீட்டில் அடுக்களையை வாசல் பக்கமாக, தெருவைப் பார்த்து வைத்தார்கள். சமைக்கிறவள் ஜன்னல் வழியே வெளியே விளையாடும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பழைய புதுவை வீட்டில் தாழ்வாரம், முற்றம் எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் அடுப்பங்கரை. தெருவில் நாங்கள் அடித்துக்கொண்டாலும் அம்மாவுக்குச் சேதி போவதற்குள் சண்டை முடிந்துவிடும்.

முதலில் வாடகைக்கு விட்டவர்கள், 1949-ல் புது மாதிரி ஒன்றை விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். விலை 7,990 டாலர். அடுப்பு, ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் அந்த விலையிலேயே அடக்கம். வாங்குகிறவர் தனியாகக் கடன்பட வேண்டாம். வீட்டுத் தவணையோடு அதுவும் கழிந்துவிடும். விற்பனை தொடங்குமுன்பே ஜனங்கள் வரிசை கட்டி நின்றார்கள். மலிவு வீடு கட்டியவர்தான்; ஆனால் மிச்சம் பிடிக்க அவர் அடுக்களையில் கை வைக்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் அரைக்கதை. ஆயுள் முழுக்கக் காகிதங்களோடு காலம் தள்ளிய குமாஸ்தா நான். ஒப்பந்தம் என்றால் பொடி எழுத்தையும் படிப்பேன். லெவிட்டவுனின் ஆரம்ப கால ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து உண்டு: வெள்ளையர் அல்லாதவர் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரராக மட்டும் இருக்கலாம். அதாவது, ஒரு கறுப்பினப் பெண் அந்த அருமையான அடுக்களையில் நின்று பிறருக்குச் சமைக்கலாம். அதைத் தன் அடுக்களை என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவள் புருஷன் அதே போரில் சண்டை போட்டுத் திரும்பியவனாக இருந்தாலும் அதே கதிதான்.

பத்து வருஷம் கழித்து இந்த அடுக்களை விவகாரம் மாஸ்கோ வரை போயிற்று. 1959 ஜூலை 24 அன்று, அங்கே நடந்த அமெரிக்கக் கண்காட்சியில் ஒரு மாதிரி வீட்டின் அடுக்களை முன்னால் நின்று நிக்சனும் குருஷேவும் வாக்குவாதம் செய்தார்கள். 14,000 டாலருக்கு எங்கள் இரும்பாலைத் தொழிலாளியே இதை வாங்கலாம் என்றார் நிக்சன். உங்கள் வீடு இருபது வருஷம்தான் நிற்கும், திரும்பவும் விற்கத்தானே அப்படிக் கட்டுகிறீர்கள், நாங்கள் பிள்ளைக்கும் பேரனுக்கும் கட்டுகிறோம் என்றார் குருஷேவ். இருபது வருஷத்தில் ஜனங்களே புது அடுக்களை கேட்பார்கள் என்று பதில் வந்தது. குருஷேவ் காலத்து அடுக்குமாடி வீடுகளின் அடுக்களை ஐந்தாறு சதுர மீட்டர்தான். என் மனைவியிடம் காட்டினால் அதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பாள்.

அந்த பிளாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வரும் ஞாயிறு லாஸ்பேட்டையில் இன்னொன்று பார்க்கிறோம். ஹாலைப் பற்றிய பேச்சையெல்லாம் நான் கேட்டுக்கொள்வது, அவள் நேரே உள்ளே போவது என்று ஏற்பாடு.