சிலிம் ரிவர்த் தோட்டப் பள்ளிகளும் விடைபெறும் ஆசிரியர்களும்

ஊர்ப் பள்ளியில் அரிச்சுவடி கற்று, அதே வட்டாரத்தில் ஆசிரியராகி, தலைமையாசிரியராகவும் உயர்ந்த ஒருவர் ஓய்வுபெறும் நாளில் மாலைக்கும் பொன்னாடைக்கும் குறைவிருப்பதில்லை. ஆயினும், மலேசியத் தோட்டப்புறத்தில் அத்தகைய ஆசிரியர் விடைபெறுங்கால் ஓர் ஊரின் வரலாறும் அவருடன் வெளியேறிவிடுகிறது. பேராக் மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள சிலிம் ரிவர் வட்டாரத்தை நோக்கின் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

வடக்கே தொரோலாக், தெற்கே தஞ்சோங் மாலிம், இடையே இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும், இருமருங்கும் இரப்பர்க் காடு என்று விளங்கிய வட்டாரம் இது. தென்னிந்தியாவிலிருந்து கங்காணி முறையில் வந்த தமிழர்கள் இங்கே பால்மரம் சீவினர். அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளி தோன்றியதற்குச் சட்டமும் ஒரு காரணமாகும். கூட்டு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டிலும் 1923ஆம் ஆண்டிலும் இயற்றப்பெற்ற தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தக் கடமைப்பட்டது என்னும் நிலையை உருவாக்கின. சட்டம் பள்ளியைக் கேட்டது. நல்ல கட்டடத்தையும் தேர்ந்த ஆசிரியரையும் கேட்கவில்லை. எனவே ஒற்றைக் கொட்டகையே பல தோட்டங்களில் பள்ளியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ, கங்காணியோ, தொழிலாளியோ ஆசிரியரானார். விடியற்காலைப் பெரட்டு முடிந்து பெற்றோர் நிரைக்குச் சென்றபின், ஒருவரே எல்லா வகுப்புகளையும் நடத்தினார்.

இங்கே ஓர் ஒப்பீடு இன்றியமையாதது. சிலிம் ரிவருக்கு அண்மையிலுள்ள தஞ்சோங் மாலிமில் 1922ஆம் ஆண்டு சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பெற்றது. மலாய் ஆசிரியர்களை உருவாக்கிய அக்கல்லூரி, சாபா போன்ற அறிஞர்கள் பணியாற்றிய இடமாகவும், மலாய் மொழி மறுமலர்ச்சியின் நாற்றங்காலாகவும் திகழ்ந்தது. தோட்டத் தமிழாசிரியருக்கு அக்காலத்தில் அத்தகைய நிலைக்களன் வாய்க்கவில்லை. அவர் தாமே கற்று, தாமே பயின்று, தம் சம்பளத்திற்குத் தோட்டத் துரையின் கையை எதிர்நோக்கினார். அக்கல்லூரியே 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தமிழ்க் கல்விப் பட்டப் படிப்பும் இன்று அங்கு நடைபெறுகிறது. அன்றைய தோட்ட ஆசிரியரின் பேரப்பிள்ளைகள் அப்படிப்பில் சேரும் காலம் வந்தமை மகிழ்தற்குரியதே.

இரண்டாம் உலகப் போர் இவ்வட்டாரத்தின் மீது நேராகவே வந்து விழுந்தது. 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் ஜப்பானியத் தாங்கிகள் தொரோலாக் பக்கமிருந்து நெடுஞ்சாலை வழியே பாய்ந்தன. அன்று காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலம் அவர்கள் வசமாயிற்று. 11ஆம் இந்தியப் படைப்பிரிவு சிதறியது. அதன் கூர்க்காப் படையணி நின்ற குளுனித் தோட்டமும் போர்க்களமாயிற்று. நான்கு நாள்களில் கோலாலம்பூர் வீழ்ந்தது. பின்னர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தந்தை திரும்பாத பிள்ளைகள் லயங்களில் எஞ்சினர். போர் ஓய்ந்து மீண்டும் பள்ளி திறந்தபோது, அவர்களைத் திரட்டி வகுப்பில் அமர்த்தியவர்கள் தோட்ட ஆசிரியர்களே.

நாடு விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 உள்ளன. இக்குறைவுக்குச் சிறு பள்ளிகளின் இணைப்பு ஒரு காரணம். தோட்டங்களின் நிலைமாற்றம் மற்றொன்று. ஐம்பதுகளில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். அதற்கு விடையாகவே 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் பள்ளியின் அடிமண் பெரும்பாலும் தோட்டத்துக்கே உரியது. தோட்டம் கைமாறினால் பள்ளி இரவல் நிலத்தில் நின்றது. 1968ஆம் ஆண்டின் வேலை அனுமதிச் சட்டத்தால் குடியுரிமையற்ற பல குடும்பங்கள் தாயகம் திரும்பின. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இளைஞர்கள் நகரம் நாடினர். தோட்டம் என்னும் சொல் பல பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மட்டும் தங்கிற்று.

இந்நிலையில் விடைபெறுவோர் யாவர் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1965இல் பிறந்தவர் 1972இல் முதலாம் ஆண்டில் அமர்ந்தார். அரசு ஊழியரின் ஓய்வு வயது 2012இல் அறுபதாக உயர்த்தப்பட்டமையால், அவர் 2025 வரை பணியில் நீடிக்க இயன்றது. லயத்தில் பிறந்து, பெரட்டு மணியோசை கேட்டு வளர்ந்து, பின் அதே வட்டாரப் பிள்ளைகளுக்குக் கற்பித்த தலைமுறை இப்போது பள்ளியை விட்டுச் செல்கிறது. அவர்கள் படித்த காலத்தில் சிலிம் ரிவர், பத்தாங் பாடாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2016இல் முவாலிம் தனி மாவட்டமாயிற்று; சிலிம் ரிவரும் அதனுள் அடங்கியது. பிள்ளைப் பருவத்து மாவட்டத்தின் பெயரும் அவர்களுக்கு முன்னரே விடைபெற்றுவிட்டது.

எஞ்சியிருப்பவை சேர்க்கைப் பதிவேடுகளே. மாணவர் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் என அவற்றில் நிரல்படும் செய்திகள் அரசாங்க அறிக்கைகளில் கிட்டா. ஒரே வாரத்தில் பத்துப் பிள்ளைகள் விலகியிருப்பின், அங்கே ஒரு லயம் காலியானதோ, ஒரு கப்பல் புறப்பட்டதோ என்று ஆராய இடமுண்டு. ஆனால் அவ்வரிகளுக்குப் பொருளுரைக்க, அவ்விடத்தில் வாழ்ந்தவர் வேண்டும். இன்ன பெயர் இன்ன லயத்தது, இன்ன குடும்பம் இன்ன தோட்டத்துக்குப் பெயர்ந்தது என்பவை ஏட்டில் இல்லை. ஓய்வுபெறும் ஆசிரியரின் நினைவில் உள்ளன.

ஆதலின் பிரியாவிடை விழாவுக்கு முன்னரே ஒரு பணி நிறைவேற வேண்டும். பழைய பதிவேடுகளைக் கரையானிடமிருந்து மீட்டுப் படியெடுத்தல் வேண்டும். விடைபெறுபவரை அவற்றின்முன் அமர்த்தி, அவர் சொல்வதைப் பெயர் பெயராக எழுதிக்கொள்ளுதல் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவரும் ஒரு மாதம் முயன்றால் முடியக்கூடிய செயலே இது. பொன்னாடை ஒருநாள் மங்கும். மூடிய தோட்டத்தின் பிள்ளைகள் யார் யார் என்று எழுதிவைத்த ஏடு, பேரப்பிள்ளைகளுக்கு அவர்தம் ஊரைத் திருப்பித் தரும்.