பாம்புக்குப் பானை, ஆமைக்கு அலமாரி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியில், சித்திரை மாத நண்பகலில் ஒரு கரிசல் காட்டருகே நின்று பாருங்கள். பருத்தி எடுத்து முடிந்த நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புகளில் சில உங்கள் கை முழுவதும் நுழையும் அளவுக்கு ஆழமானவை. (கையை மட்டும் நுழைத்துவிடாதீர்கள்!) மேலே மண் கொதிக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக்கருவேலத்தைத் தவிர வேறு நிழல் இல்லை. உயிர் என்று ஒன்று இங்கே இருக்குமா என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த வெடிப்புகளுக்குள்ளேயே எலியும் அரணையும் பாம்பும் பகற்பொழுதைக் கழிக்கின்றன.

இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டுப் பின்கட்டில் பழைய கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று கிடக்கலாம். தாத்தா காலத்துத் தேக்கு. ஒரு கால் ஆடும். தாழ்ப்பாள் சரியாக விழாது. 'இதில் மணலைக் கொட்டி ஓர் ஆமையையோ ஓணானையோ விட்டு வளர்த்தால் என்ன?' என்ற எண்ணம் உங்களில் சிலருக்கு வந்திருக்கும். இந்த எண்ணம் புதியதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக மனிதர் இதையே வெவ்வேறு விதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கற்ற பாடங்களைத் தெரிந்துகொண்டு, அலமாரியை என்ன செய்வது என்று பிறகு முடிவு செய்யலாம்.

கண்ணாடிப் பெட்டி பிறந்த கதை

லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர் இருந்தார். 1829-ல் அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வைத்தார். பூச்சி எப்படி வெளிவருகிறது என்று பார்ப்பதே அவர் நோக்கம். ஆனால் அவர் கண்டது வேறு. மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. லண்டன் நகரின் நிலக்கரிப் புகையில் தோட்டத்தில் பிழைக்காத பெரணி, மூடிய புட்டிக்குள் செழித்தது. மண்ணின் ஈரம் பகலில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணிலேயே இறங்கியது. தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவையே இல்லை!

வார்டின் கண்டுபிடிப்பு கப்பலேறியது. ராபர்ட் பார்ச்சூன் என்ற தாவர ஆய்வாளர் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளை இத்தகைய பெட்டிகளில் வைத்துத்தான் 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவுக்கு அனுப்பினார். இங்கிலாந்தின் செல்வர் வீடுகளிலோ அந்தப் பெட்டி கூடத்தை அலங்கரிக்கும் மரச்சாமானாக மாறியது. வேலைப்பாடு மிக்க கால்கள், மேலே கண்ணாடிக் கூடு, உள்ளே பெரணிச் செடிகள். செடி இருந்த இடத்தில் தவளையையும் பல்லியையும் ஆமையையும் விட்டுப் பார்க்க வெகுகாலம் ஆகவில்லை. ஆக, நாற்காலி மேசைகளோடு சேர்த்து எண்ணப்பட்ட ஒரு பொருள்தான், இன்று உலகெங்கும் ஊர்வன வளர்க்கப் பயன்படும் கண்ணாடிப் பெட்டியின் பாட்டி.

தாழ்ப்பாள் கற்பித்த பாடம்

பொதுமக்கள் பார்க்க ஊர்வனவற்றைத் தனியே வைத்துக் காட்டும் முயற்சி பாரிஸ் நகரில் 1838-ல் தொடங்கியது. லண்டன் மிருகக்காட்சி சாலை 1849-ல் ஊர்வனவற்றுக்கென ஓர் இல்லத்தைத் திறந்தது. அதற்காகப் புதிய கட்டடம் எழுப்பவில்லை. ஏற்கெனவே இருந்த பழைய கட்டடம் ஒன்றையே மாற்றி அமைத்துக்கொண்டார்கள். பழைய அலமாரியை ஆமைக் கூடாக்க நினைக்கும் நீங்கள் தனியாக இல்லை என்பதற்கு இது சான்று.

ஆனால் 1852 அக்டோபரில் அங்கே ஒரு துயரம் நிகழ்ந்தது. எட்வர்டு கர்லிங் என்ற காப்பாளர் ஒரு நாகத்தைக் கையில் எடுத்து விளையாட்டாகக் கையாண்டார். அது அவர் மூக்கில் தீண்டியது. சிறிது நேரத்திற்குள் அவர் உயிர் பிரிந்தது. பாம்புக்கடிக்கு மாற்று மருந்து என்று ஒன்று அப்போது உலகத்தில் எங்கும் இல்லை. பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்பர்ட் கால்மெட் நாகத்தின் விஷத்துக்கு எதிரான மருந்தை உருவாக்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? பாத்திரத்தையும் துணியையும் காப்பதற்கென்று செய்த தாழ்ப்பாள் வேறு. உயிருள்ள பிராணியை அடைப்பதற்கான தாழ்ப்பாள் வேறு. முன்னதன் பொருள் நகராது. பின்னதன் பொருள் இரவெல்லாம் மூக்கால் ஒவ்வொரு விளிம்பையும் தள்ளிப் பார்க்கும். காப்பாளரின் ஒரு கணக் கவனக்குறைவும் தாழ்ப்பாள் திறந்திருப்பதற்குச் சமமே.

சூடு எவ்வளவு தேவை?

அடைத்து வைப்பது ஒரு கலை என்றால், உயிரோடு வைத்திருப்பது அதைவிடப் பெரிய கலை. ஊர்வன வெப்ப நாட்டுப் பிராணிகள் என்று எண்ணி, குளிர்நாட்டுக் காட்சி சாலைகளில் கூடு முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்கி வைத்தார்கள். ஆயினும் பிராணிகள் நலிந்து இறந்தன. காரணம் என்ன?

உங்கள் உடல், வெயிலானாலும் மழையானாலும் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலேயே இருக்கிறது. உணவை எரித்து உடல் தனக்குத் தேவையான வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஊர்வன அப்படி இல்லை. அவை வெப்பத்தை வெளியிலிருந்து பெறுகின்றன. காலையில் ஓணான் வேலிக்கல் மீது வெயில் காய்வதையும், வெயில் ஏறியதும் நிழலுக்கு ஓடுவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது சோம்பலன்று, அதுவே அதன் அடுப்பும் விசிறியும். கௌல்ஸ், போகர்ட் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பாலைவன ஊர்வனவற்றை ஆராய்ந்து 1944-ல் இதைத் தெளிவாக நிறுவினார்கள். வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே இடம் மாறி மாறியே அவை தம் உடல் வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் காத்துக்கொள்கின்றன. அந்த எல்லைக்குச் சற்று மேலே போனாலும் பாலைவனப் பல்லிக்கும் மரணந்தான்!

எனவே கூட்டுக்குத் தேவை சூடு மட்டுமன்று. சூடான ஒரு மூலையும் குளிர்ந்த ஒரு மூலையும், இரண்டுக்கும் இடையே நடக்க இடமும் வேண்டும். இதை முன்னரே உணர்ந்து செயல்பட்டவர் ஒரு பெண்மணி. ஜோன் புராக்டர், லண்டன் காட்சி சாலையின் ஊர்வனப் பிரிவுக்கு 1923-ல் பொறுப்பேற்றார். மாணவியாக இருந்தபோதே ஒரு சிறு முதலையை வளர்த்தவர் அவர். அவருடைய திட்டப்படி 1927-ல் திறக்கப்பட்ட புதிய இல்லத்தில், வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு அளவில் மின்சாரத்தால் வெப்பமூட்டும் ஏற்பாடு இருந்தது. சாதாரணக் கண்ணாடி சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். அந்தக் கதிர்கள் தோலில் படாவிட்டால் பல ஊர்வனவற்றின் உடலில் வைட்டமின் டி உண்டாகாது. எலும்பும் ஓடும் மெலிந்து வளைந்துபோகும். ஆகவே அக்கதிர்களை உள்ளே விடும் தனி வகைக் கண்ணாடியையும் அங்கே பயன்படுத்தினார்கள். நலிந்த உடலோடு உழைத்த புராக்டர் 1931-ல், 34 வயதில் காலமானார். பார்ப்பவருக்காகச் செய்த பெட்டி, உள்ளே இருக்கும் பிராணிக்காகச் செய்யும் பெட்டியாக மாறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் நாட்டுப் பானை

இனி நம் மண்ணுக்கு வருவோம். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிப் பாட்ரிக் ரசல் என்ற மருத்துவர் படங்களுடன் விரிவான நூலொன்றை 1796-ல் வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே வழங்குகிறது. ஆனால் நூல் எழுதாமலே பாம்பைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் இருளர்கள். மண்ணில் தெரியும் மெல்லிய தடத்தையும் வளை வாயில் கிடக்கும் சட்டையையும் கொண்டே உள்ளே இருப்பது இன்ன பாம்பு என்று சொல்லக்கூடியவர்கள்.

தோல் வணிகத்துக்காக ஒரு காலத்தில் அவர்கள் பாம்புகளைப் பிடித்து விற்றார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து தோல் வணிகம் முடங்கியது. இருளர் குடும்பங்களின் பிழைப்பும் முடங்கியது. பாம்பைக் காத்த சட்டம் பாம்பு பிடிப்பவரைத் தெருவில் நிறுத்தியது. அவர்களுடைய அறிவை வீணாக்காமல் காக்க வழி தேடியவர்களில் ஒருவர், கிண்டிப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகர். 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது.

அங்கே பாம்புகளை எதில் வைக்கிறார்கள் தெரியுமா? கண்ணாடிப் பெட்டியில் அன்று, அலமாரியிலும் அன்று. நம் வீட்டு மண்பானையில்! பானையில் பாதியளவு மணல்; வாயில் பருத்தித் துணியை இறுகக் கட்டிவிடுகிறார்கள். அவ்வளவுதான். ஆனால் இந்த எளிய ஏற்பாட்டை விஞ்ஞானக் கண்ணோடு பாருங்கள். மண்பானையின் சுவர் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். நுண்துளைகள் வழியே ஈரம் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி உண்டாகும். துணி காற்றை விடும், பாம்பை விடாது. உள்ளே இருட்டாக இருப்பதால், வளைக்குள் இருப்பதுபோல் பாம்பு அமைதியாகக் கிடக்கும். சீறாது, முட்டி மோதிக் காயப்படுத்திக்கொள்ளாது.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு இனங்களை அரசின் அனுமதியோடு குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிடிக்கிறார்கள். சில வாரங்கள் மட்டுமே வைத்திருந்து விஷம் எடுக்கிறார்கள். பிறகு அடையாளத்துக்காக வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு இட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து நச்சுமுறி மருந்து தயாரிக்கிறார்கள்.

இது ஏன் முக்கியம்? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். சுருட்டை விரியன் வறண்ட நிலத்தை விரும்பும் பாம்பு. கல்லுக்கு அடியிலும் புதரோரத்திலும் மண்ணின் நிறத்தோடு கலந்து கிடக்கும். வறண்ட காட்டில் வெறுங்காலோடு வேலை செய்பவரின் உயிர், எங்கோ வடநெம்மேலியில் ஒரு பானைக்குள் சில வாரங்கள் தங்கிச் சென்ற பாம்பின் விஷத்தால் காப்பாற்றப்படலாம். (கடிபட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.) இருளர் சமூகத்தின் பாம்பு பிடிக்கும் வல்லுநர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் இந்திய அரசு 2023-ல் பத்மஸ்ரீ விருது அளித்தது.

அலமாரியை என்ன செய்யலாம்?

இனி உங்கள் அலமாரிக்குத் திரும்புவோம். நட்சத்திர ஆமையை வைத்தால் அதிர்ஷ்டம் வரும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நம் நாட்டின் ஆமை, பாம்பு, உடும்பு போன்றவற்றைக் காட்டிலிருந்து எடுத்து வீட்டில் வளர்ப்பதைச் சட்டம் தடை செய்கிறது. நட்சத்திர ஆமை பெருமளவில் கடத்தப்பட்டதால், 2019-ல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கு மிகக் கடுமையான தடை விதிக்கப்பட்டது. பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போரும் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதிகள் வந்தன.

ஆகவே அலமாரியில் ஆமையை விடாதீர்கள். ஒரு வெப்பமானியை விடுங்கள்! மணல் பரப்பிய அலமாரியைக் கதவை மூடி வெயிலில் வையுங்கள். பக்கத்து மர நிழலில் ஒரு பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, பாதிக்கு மணல் இட்டு, வாயைத் துணியால் கட்டுங்கள். அதற்குள்ளும் ஒரு வெப்பமானி இருக்கட்டும். காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, மணிக்கு ஒரு முறை இரண்டையும் குறித்து வரைபடம் போடுங்கள். ஒளியை உள்ளே விட்டு, வெப்பத்தையும் காற்றையும் வெளியே விடாத கண்ணாடி என்ன செய்கிறது என்பதை உங்கள் கோடே காட்டும். அந்த வெப்பத்தில் தப்பி ஓட இடமில்லாத ஓர் ஆமை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முடிந்தால் மூன்றாவது வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டி, முதலில் நீங்கள் பார்த்த கரிசல் வெடிப்புக்குள் மெல்ல இறக்குங்கள். கால்களுக்குக் காலணியும் ஒரு பெரியவர் துணையும் இருக்கட்டும். ஒவ்வொரு சாணாக இறக்கி, வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். மேலே நெருப்பு, கீழே நிழல், நடுவே நகர்ந்துகொள்ள இடம். குழித்தறியில் அமரும் அருப்புக்கோட்டை நெசவாளருக்கு நிலத்தடிக் குளிர்ச்சியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரிசும் லண்டனும் பல ஆண்டுகள் பாடுபட்டுச் செய்ய முயன்ற கூடு, உங்கள் ஊர்க் காட்டில் கதவில்லாமல், தாழ்ப்பாள் இல்லாமல் திறந்தே கிடக்கிறது.