முலுண்டுக்கு அப்பால் ‘பி’ மண்டலம்

2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப் புத்தகத்தில், தனியார் கார்களுக்காக நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அகமதாபாத், பெங்களூர், சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை, புது தில்லி, புனே ஆகிய எட்டு ஊர்களில் பதிவான கார் ‘ஏ’ மண்டலம். மிச்சமெல்லாம் ‘பி’. மும்பையின் எல்லையான முலுண்ட் செக் நாக்காவைத் தாண்டினால் தானே, தானேயையும் தாண்டினால் டோம்பிவிலியில் நாங்கள். முலுண்டில் நிற்கும் மாருதிக்கு ஒரு விகிதம். கல்யாண் ஆர்டிஓவின் எம்ஹெச்-05 எண்ணோடு டோம்பிவிலியில் நிற்கும் அதே மாருதிக்கு வேறு விகிதம். ஆயிரம் சிசிக்கு உட்பட்ட, பத்து வயதைத் தாண்டிய காருக்கு அங்கே 3.362 சதவீதம், இங்கே 3.267. நூறு ரூபாய் மதிப்புக்குப் பத்துப் பைசாகூட மிச்சமில்லை.

அந்த அட்டவணையில் ஊரைவிட என்னை யோசிக்க வைத்தது வயதுதான். டோம்பிவிலியில் ஐந்து வயதுக்குட்பட்ட சின்னக் காருக்கு 3.039 சதவீதம், பத்து வயதுவரை 3.191, அதற்கு மேல் 3.267. காரின் மதிப்பு இறங்கிக்கொண்டே போகும், விகிதம் ஏறிக்கொண்டே போகும். ஃபோர்ட்டில் ஓர் அரசு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மோட்டார் பிரிவில் 1970களின் கடைசியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, பாலிசி போடுகிற மேசையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகைக்குக் கட்டுப்படியாகாமல் டோம்பிவிலிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இன்றைக்கும் பக்கத்து வீடுகளில் பிரீமியம் நோட்டீஸ் வந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “பழைய வண்டிதானே அக்கா, தர்ட் பார்ட்டி போதாதா?”

ஏதோ தாத்தா காலத்து விதி மாதிரி இதைச் சொல்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அது எப்படி வந்தது என்று தெரிந்தால் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதும் தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1939இல் வந்தது. காரால் அடிபடும் மூன்றாம் மனிதருக்கான கட்டாய இன்ஷூரன்ஸ் பகுதி மட்டும் 1946 ஜூலை 1இல்தான் அமலுக்கு வந்தது. சட்டம் கேட்பதை மட்டும் தரும் பாலிசிக்கு, அதாவது இன்றைய தர்ட் பார்ட்டிக்கு, அன்று ‘ஆக்ட் ஒன்லி’ என்று பெயர். சொந்தக் காரின் சேதத்தையும் சேர்த்தால் ‘காம்ப்ரிஹென்சிவ்’, அதாவது முழுப் பாலிசி. நடுவில் இன்னொன்றும் இருந்தது. சட்டப் பாலிசியோடு தீயை மட்டுமோ, திருட்டை மட்டுமோ, இரண்டையுமோ சேர்த்துக்கொள்ளலாம். கார் ஓடாமல் கொட்டகையில் நிற்கும் மாதங்களுக்குப் பிரீமியத்தில் கழிவு வாங்கிக்கொள்ளவும் வழி இருந்தது. 1973 ஜனவரி 1இல் பொதுக் காப்பீடு தேசியமயமாகி, 107 கம்பெனிகள் நான்காகச் சுருங்கின. பம்பாயில் நியூ இந்தியா, சென்னையில் யுனைடெட் இந்தியா, கல்கத்தாவில் நேஷனல், தில்லியில் ஓரியண்டல். எங்கே போனாலும் டாரிஃப் கமிட்டி போட்ட விலைதான். பேரம் பேச இடமில்லை, எந்த அளவு பாதுகாப்பு என்று முடிவு செய்ய மட்டும் இடமிருந்தது. அந்த முடிவைப் பெரும்பாலும் என் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டே எடுப்பார்கள்.

எட்டு வயது ஃபியட் வைத்திருந்தவர்கள் அன்றைக்கு யோசிக்காமல் காம்ப்ரிஹென்சிவ் போட்டார்கள். காரணம் எளிது. குர்லாவில் ப்ரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கட்டிய பத்மினிக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த காலம் அது. புதுசு கிடைக்காதபோது பழசு விலை இறங்குமா? கையில் இருக்கிற ஃபியட் ஒரு சொத்து. பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துச் சேர்த்து இருபது வருஷம் ஓட்டினார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 ஐம்பதாயிரத்தை ஒட்டிய விலையில் வந்தது. 1990களில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, வங்கிகள் கடன் கொடுத்தன. அதற்குப் பிறகுதான் பழைய கார் மலிந்தது. ‘பழைய வண்டிக்குத் தர்ட் பார்ட்டி போதும்’ என்ற பேச்சும் அதோடு வந்ததுதான்.

அந்தக் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலும் ஒரு பெரிய கோளாறு இருந்தது. காரின் மதிப்பைச் சொந்தக்காரரே மதிப்பிட்டு எழுதித் தருவார். நாற்பதாயிரம் என்று எழுதி, அதற்குத்தான் பிரீமியமும் கட்டுவார். கார் திருடு போனால் அந்த மதிப்பு அல்லது அன்றைய சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். சர்வேயர் வந்து இருபத்தைந்துதான் போகும் என்றால் சண்டைதான். பிரீமியம் வாங்கும்போது நாற்பது, கொடுக்கும்போது இருபத்தைந்து என்றால் எவருக்குத்தான் வயிறு எரியாது?

2002 டாரிஃப் அதை மாற்றியது. ஐடிவி (இன்ஷூர்ட் டிக்ளேர்ட் வேல்யூ) என்ற மதிப்பை வருஷ ஆரம்பத்திலேயே குறித்துவிடுவது. கார் முழுசாகப் போனால் மேற்கொண்டு தேய்மானம் கழிக்காமல் அதையே தருவது. ரிப்பேர்ச் செலவு ஐடிவியில் முக்கால் பங்கைத் தாண்டினாலும் முழு நஷ்டம்தான். நான் பார்த்த மாற்றங்களிலேயே பழைய கார்க்காரருக்கு அதிகம் நன்மை செய்தது இதுதான். கம்பெனி விலையிலிருந்து முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம், வருஷம் முடியும்வரை 15, பிறகு 20, 30, 40 என்று ஏறி, ஐந்தாம் வருஷம் 50 சதவீதம் கழியும். ஐந்து வருஷத்துக்கு மேல் அட்டவணை கிடையாது. கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி ஒத்துக்கொள்ளும் மதிப்புதான். தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்கு வயது எதுவானாலும் இதே விதி.

இந்தக் கடைசி வரி எங்கள் ஊருக்கென்றே எழுதியது போலிருக்கும். கல்யாண்–ஷீல் சாலையில் ப்ரீமியரின் இன்னொரு ஆலை இருந்தது. பேப்பர்களில் கல்யாண் ஆலை என்று வரும். எங்களுக்கு அது டோம்பிவிலிதான். 1990களின் நடுவில் பிரெஞ்சுக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து அங்கே பெஜோ 309 காரைக் கட்டினார்கள். நம் ஊரில் செய்த வெளிநாட்டுக் கார் என்று இங்கே அதற்கு ஒரு மதிப்பு. தொழிலாளர் தகராறும் பங்காளிகளுக்குள் பிணக்குமாக 1997இல் பெஜோ விலகிக்கொண்டது. இரண்டு, மூன்று வயதிலேயே அந்தக் கார்கள் ‘தயாரிப்பு நின்ற மாடல்’ ஆகிவிட்டன. ஒரு ஹெட்லைட்டுக்காகக் குர்லாவில் பழைய சாமான் கடைகளை அலசவேண்டிய நிலை. பழைய கார் என்றால் வருஷக் கணக்கு மட்டுமல்ல என்பதை 309 வைத்திருந்தவர்களிடம் கேட்டால் தெரியும். ஆலை இருந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள்.

2005 ஜூலை 26 வந்தது. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. உல்லாஸ் நதியும் பெருகி, டோம்பிவிலி மேற்கில் கழியை ஒட்டிய தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்தது. தர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தவர்களுக்கு ஒரு பைசாவும் இல்லை. முழுப் பாலிசி வைத்திருந்தவர்களிலும் பலர் ஒரு விஷயத்தில் அடிபட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் ஆவலில் சாவியைத் திருப்பினார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இது வெள்ளத்தின் நேரடிச் சேதமல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று எஞ்சின் செலவைக் கம்பெனிகள் மறுத்தன. எஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு, தேய்மானம் கழிக்காத பாலிசி எல்லாம் சில வருஷங்கள் கழித்துத்தான் சந்தைக்கு வந்தன. அவையும் பெரும்பாலும் புதுக் கார்களுக்கே. வயதான காருக்கு இன்றும் பல கம்பெனிகள் தருவதில்லை. ஆகவே மழைக்காலத்தில் தண்ணீரில் நின்ற பழைய காரைத் தொடாதீர்கள், இழுத்துச் செல்ல வண்டியைக் கூப்பிடுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2007 ஜனவரி 1 முதல் சொந்தச் சேதப் பகுதியின் விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று டாரிஃப் பிடி விட்டது. தர்ட் பார்ட்டி விலை மட்டும் கம்பெனிகளின் கைக்குப் போகவில்லை. 2022 ஜூன் முதல் ஆயிரம் சிசிக்குள் 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. வருஷப் பாலிசியில் காரின் வயது எதுவானாலும் இதில் மாற்றமில்லை. இடிபடுகிறவருக்குக் காரின் வயது என்ன கணக்கு?

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. காரின் மதிப்பை வைத்தே எல்லாரும் யோசிக்கிறார்கள். உள்ளே உட்காருகிறவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. தர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில், சொந்தக் காரில் கூட்டிப்போகிற அம்மாவுக்கோ நண்பருக்கோ அடிபட்டால் கம்பெனி பொறுப்பேற்காது. சட்டம் கட்டாயமாக்கியது அவர்களுக்கல்ல என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. அந்த இழப்பீடு சொந்தக்காரர் தலையில் விழும். முழுப் பாலிசியில், கூலி வாங்காமல் ஏற்றிய பயணிகளும் பொறுப்புப் பகுதிக்குள் வந்துவிடுகிறார்கள். இதிலும் கம்பெனிகள் தகராறு செய்ததால், 2009 நவம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டுத் தெளிவாக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பாலிசி எந்த வகை என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும் என்றது. ஓட்டுகிற சொந்தக்காரருக்கான கட்டாய விபத்துக் காப்பு வேறு. 2018இல் அது 15 லட்சமாக உயர்ந்தது. அது அவருக்கு மட்டும்தான், பின் இருக்கைக்கு அல்ல.

இதே காலத்தில் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கில், புதுக் காருக்கு மூன்று வருஷத் தர்ட் பார்ட்டியை விற்கும்போதே சேர்த்துப் போடவேண்டும் என்று உத்தரவு வந்து, 2018 செப்டம்பர் 1 முதல் அமலானது. சாலைப் பாதுகாப்புக்காக ஒரு தமிழ் டாக்டர் கோர்ட்டுக்குப் போனார். அது எனக்குப் பெருமை. பழைய கார்கள் இன்னும் வருஷா வருஷம்தான். மறந்து தொண்ணூறு நாள் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

போன மாதம் கீழ் வீட்டுத் தம்பி தன் ஆல்ட்டோவின் நோட்டீஸைக் கொண்டுவந்தார். ஐடிவி 60,000. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அம்மாவை அதில்தான் செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார். பழைய டாரிஃப் விகிதத்தில் சொந்தச் சேதப் பிரீமியம் 1,960. ஐந்து வருஷமாகக் கிளெய்ம் இல்லாததால் பாதி கழிந்து 980. தர்ட் பார்ட்டி 2,094. வித்தியாசம் அந்த 980தான்.

“அதுக்கு என்ன கிடைக்கும் அக்கா?” என்றார்.

பம்பர் உடைந்தால் எதுவும் கிடைக்காது என்றேன். நாலாயிரம் ரூபாய் பம்பர், பிளாஸ்டிக், பாதி கழியும். நீங்கள் ஏற்கவேண்டிய கட்டாயத் தொகை ஆயிரம். மிச்சம் ஆயிரம் வாங்கினால் அடுத்த வருஷம் போனஸ் போய், கிட்டத்தட்ட அதே ஆயிரம் கூடுதலாகக் கட்டவேண்டும். பத்து வயது தாண்டியதால் இரும்புப் பாகத்துக்கும் பாதி கழியும். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. எங்கள் ஊரில் அது சின்ன விஷயமல்ல. 2016 மே 26இலும் 2024 மே 23இலும் எம்ஐடிசி தொழிற்பேட்டையில் ரசாயன ஆலைகள் வெடித்தபோது சுற்றுவட்டாரமெல்லாம் கண்ணாடிகள் நொறுங்கின. வெடிப்பும் வெள்ளமும் தீயும் திருட்டும் முழுப் பாலிசியில் உண்டு. கார் முழுசாகப் போனால் 59,000 கைக்கு வரும். இவற்றையெல்லாம்விட, பின்சீட்டில் இரண்டு வயதானவர்கள் உட்காருகிறார்கள்.

அவருடைய படிவத்தில் இன்னொன்றையும் காட்டினேன். மூன்றாம் மனிதரின் சொத்துச் சேதத்துக்கான உச்சவரம்பை ஏழரை லட்சத்திலிருந்து 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் நூறு ரூபாய் தள்ளுபடி. யாரோ ஏற்கெனவே டிக் போட்டிருந்தார்கள். ஃபட்கே ரோட்டில் ஒரு புதுக் காரின் கதவில் உரசினால் ஆறாயிரம் எந்த மூலைக்கு? அந்த டிக்கை அடித்துவிடச் சொன்னேன், அடித்தார்.

முழுப் பாலிசியே போட்டுவிட்டார். அடுத்த மார்ச்சில் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. கல்யாண் ஆர்டிஓவில் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய், அது தவிர பசுமை வரி. அவற்றைக் கட்டி இன்னும் ஐந்து வருஷம் ஓட்டுவதா, வேறு கார் வாங்கிப் பெற்றோரை அதில் கூட்டிப்போவதா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வேறு கார் வாங்கினால் ஆல்ட்டோவைத் தன் வேலைக்கு மட்டும் தனியாக ஓட்டுவாராம். அப்படியானால் தர்ட் பார்ட்டிக்கு இறங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், மழைக்காலத்துக்கு முன் கட்டடத்தின் மேட்டுப் பக்கத்தில் நிறுத்த இடம் கிடைத்தால்.