பம்பாய் அடுப்பில் ஒரு கல்கத்தாச் சீனர்

இந்தியாவில் சீனர் குடியேற்றத்தின் தொடக்கம், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் டோங் அச்சியூ என்ற வணிகர் கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் அமைத்ததிலிருந்து கணக்கிடப்படுகிறது; அவர் பெயரால் அவ்விடம் இன்றும் அச்சிப்பூர் என்றே வழங்குகிறது. பின்னர் வந்தோரில் கான்டன் பகுதியினர் தச்சுத் தொழிலிலும், ஹக்கா மொழி பேசுவோர் தோல் பதனிடுதலிலும், ஹூபேய் மாகாணத்தார் பல் மருத்துவத்திலும் கால் ஊன்றினர். தமிழகமும் இவ்வரலாற்றுக்கு முற்றிலும் புறம்பானதன்று. மலாயாக் கரையின் ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் நீலகிரியின் நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்ட வேலையில் ஈடுபடுத்தப்பட்டதையும், விடுதலைக்குப்பின் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து காய்கறி பயிரிட்டு அங்கேயே தங்கியதையும் மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார்.

கல்கத்தாச் சீனக் குடும்பமொன்றில் 1950இல் பிறந்த நெல்சன் வாங், 1962ஆம் ஆண்டு இந்திய-சீன எல்லைப் போருக்குப்பின் அச்சமூகம் ஐயத்துக்குரியதாகப் பார்க்கப்பட்ட காலத்தில் வளர்ந்தவர். அப்போரையொட்டிச் சீன வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் இராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். பலர் வெளிநாடு சென்றனர். வாங் 1970களில் பம்பாய்க்குச் சென்று, கையில் பொருளின்றிச் சில்லறை வேலைகள் பார்த்து, சிறு உணவகமொன்றில் உதவிச் சமையலராகித் தொழில் கற்றார்.

அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் நிகழ்வு, 1975இல் இந்தியக் கிரிக்கெட் கிளப்பின் சமையலறையில் நடந்தது. பட்டியலில் இல்லாத புதிய உணவு கேட்கப்பட்டபோது, இந்தியச் சமையலின் அடிப்படையான இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் ஆகியவற்றை நறுக்கி வதக்கிய வாங், வழக்கமாகச் சேரும் கரம் மசாலாவை விடுத்து, சோயா மொச்சையை நொதிக்கவைத்து எடுக்கும் உப்புச் சாறான சோயா சாஸை ஊற்றி, மக்காச்சோள மாவு கரைத்துக் கோழித் துண்டுகளைச் சேர்த்தார். சூட்டில் அந்த மாவின் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிப் பசையாவதால் குழம்பு இறுகிப் பளபளப்பு பெறுகிறது. வடகிழக்குச் சீனத்தின் மஞ்சூரியாவில் அறியப்படாத சிக்கன் மஞ்சூரியன் இவ்வாறு உருவாயிற்று. 1983இல் கெம்ப்ஸ் கார்னரில் அவர் தொடங்கிய சைனா கார்டன், பம்பாயின் செல்வர்களும் திரைத்துறையினரும் கூடும் உணவகமாயிற்று.

வாங்கின் உண்மையான சாதனையை அந்த உணவகத்தில் தேடுவதைவிட, அவர் கண்ட சேர்க்கை அவரே தேவைப்படாத அளவுக்கு எளிமையாக இருந்ததில் காண்பதே பொருத்தம். சீனச் சமையலின் நுட்பங்களுக்கு நெடிய பயிற்சி வேண்டும். இதற்கோ வீட்டில் ஏற்கெனவே உள்ள மூன்று பொருள்களோடு ஒரு புட்டி சாஸும் சிறிது மாவும் போதும். கோழியின் இடத்தில் காலிஃபிளவரை வைத்தவுடன் சைவ உணவினரும் இதனுள் வந்தனர். அதனாலேயே கோபி மஞ்சூரியன், சீனர் எவரும் வாழாத சிற்றூர்களின் தள்ளுவண்டிகளுக்கும், ஜவ்வாது மலையடிவாரத்துப் போளூர், ஆலங்காயம் போன்ற ஊர்களின் ஃபாஸ்ட் ஃபுட் கடைகளுக்கும் எட்ட முடிந்தது.

இப்பரவலில் ஒரு திரிபும் நேர்ந்தது. வாங்கின் செய்முறை பற்றிய விவரிப்புகளில் இடம்பெறாத செந்நிறச் சாயம், தள்ளுவண்டி மஞ்சூரியனின் அடையாளமாகிவிட்டது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு, துணிகளுக்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமின்-பி உள்ளிட்ட செயற்கை நிறமிகளைக் கோபி மஞ்சூரியனிலும் பஞ்சுமிட்டாயிலும் சேர்ப்பதற்குத் தடை விதித்தது.